பதமாகச் சொன்ன செய்தி

என் நண்பர் இறந்துபோன காலையில், அவர் உயிரோடு இருப்பதாக அவருடைய மகனிடம் சொன்னேன். அதனால் அவன் தகப்பனின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க முடியாமல் போயிற்று. அன்று மாலை, ஊர்க்காரர்கள் நடுவில் என்னைக் கேட்டபோது, சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டேன் என்று சாதித்தேன். அதனால் அவன் பத்து வருஷம் கெட்ட பெயரைச் சுமந்தான். முதல் குற்றத்துக்குப் பழக்கத்தைக் காரணமாகச் சொல்லலாம். இரண்டாவதற்குச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

குத்தாலத்தை ஒட்டிய ஒரு சிறிய ஊரில் முப்பத்து மூன்று வருஷம் ஆங்கில ஆசிரியராக இருந்தேன். பாடப்புத்தகத்தில் ஒரு பாடத்தின் முடிவில் குஷன் என்ற சொல் வரும். பஸ் சீட்டில் இருக்கிற குஷன் எல்லாப் பையன்களுக்கும் தெரியும். அதையே வினைச்சொல்லாக, ஒரு அடியின் வேகத்தைக் குறைப்பது என்ற பொருளில் எழுதியிருக்கும்போது முழிப்பார்கள். நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு மதகைப் பற்றிப் பேச ஆரம்பிப்பேன். மதகுக்குக் கீழே ஒரு பள்ளத்தில் எப்போதும் தண்ணீர் தேங்கி நிற்கும். மேலிருந்து விழுகிற தண்ணீர் அந்தத் தண்ணீரின் மேல் விழுவதால்தான் அடியில் இருக்கிற மண் அரித்துப் போகாமல் இருக்கிறது. பொதுப்பணித்துறைக்காரர்கள் அதற்கு வாட்டர் குஷன் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். இதைச் சொன்னதும் வகுப்பில் பாதிப் பேருக்குப் புரிந்துவிடும். எல்லாரும் அதில் குதித்துக் குளித்தவர்கள்தான்.

பிறகு கரும்பலகையில் அதன் உறவுக்காரச் சொற்களை எழுதுவேன். சாஃப்டன், ஈஸ், டல், மஃபில், அப்சார்ப், பஃபர், மிட்டிகேட். ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போட்டால் சிரிப்பார்கள் என்று எச்சரிப்பேன். சத்தத்தை மஃபில் பண்ணலாம், வலியை டல் பண்ணலாம், மோட்டார் சைக்கிளின் ஸ்பிரிங் குலுக்கலை அப்சார்ப் பண்ணும், வக்கீல்கள் மட்டும் தண்டனையை மிட்டிகேட் பண்ணுவார்கள். கெட்ட செய்தியோடு சேர்த்து எழுத குஷன்தான் பொருத்தம் என்று சொல்லி, ஒரு உதாரண வாக்கியமும் எழுதிப்போடுவேன். அந்த வகுப்பு எனக்குப் பிடித்த வகுப்பு. நண்பரின் மகனும் அதில் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து கேட்டவன்தான்.

ஊரில் எனக்கு இன்னொரு வேலையும் இருந்தது. தந்தி இருந்த காலத்தில், தந்தி வந்தால் என்னிடம்தான் எடுத்துக்கொண்டு ஓடிவருவார்கள். வெளியூருக்குத் தந்தி எழுதவேண்டுமென்றாலும் நான்தான். செத்துப்போனார் என்று யாரும் தந்தி கொடுக்கமாட்டார்கள். சீரியஸ், உடனே புறப்படு என்றுதான் கொடுப்பார்கள். போன் வந்த பிறகும் அந்த வழக்கம் போகவில்லை. யார் வீட்டில் சாவு விழுந்தாலும் வெளியூரில் இருக்கிற பிள்ளைக்கு நான் பேசவேண்டும். முதலில் உடம்பு சரியில்லை என்பேன். பஸ் ஏறிவிட்டான் என்று தெரிந்தபிறகு கொஞ்சம் மோசம் என்பேன். ஊர் எல்லைக்கு வந்தபிறகு யாராவது ஒரு மாமனோ சித்தப்பாவோ போய்த் தோளில் கைவைப்பார்கள். அதற்குள் அவனே புரிந்துகொண்டிருப்பான். “சார் பக்குவமா சொல்லுவாரு” என்று ஊரில் பேச்சு. அந்தப் பேச்சு எனக்கு இனித்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இதெல்லாம் செல்லுபடியானதற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் வீடுகளில் பிள்ளை வரும்வரை பிணத்தை எடுக்கமாட்டார்கள். மாயவரத்திலிருந்து ஐஸ் பெட்டி வந்துவிடும். சிங்கப்பூரிலிருந்து வருகிறவனுக்காக இரண்டு நாள் வைத்திருந்ததும் உண்டு. நான் எவ்வளவு சுற்றி வளைத்துச் சொன்னாலும், அவன் எத்தனை மணி நேரம் தாமதமாக வந்தாலும், முகம் அவனுக்காகக் காத்திருக்கும்.

நண்பர் முஸ்லிம். கடைத்தெருவில் பம்புசெட்டுச் சாமான்கள் கடை வைத்திருந்தார். மோட்டார், பைப்பு, வால்வு, கூடவே மண்வெட்டி, அரிவாள். பள்ளிக்கூடம் விட்டதும் நான் அங்கேதான் போய் உட்காருவேன். நாற்பது வருஷப் பழக்கம். எனக்கு நேர்மாறாகப் பேசுகிறவர். ஒருநாள் ஒரு விவசாயி, உள்ளே காயில் கம்பி கருகின மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்தார். நடவு நேரம். வியர்த்து விறுவிறுத்து நிற்கிறார். நண்பர் மூடியைக் கழற்றி ஒரு தடவை முகர்ந்து பார்த்தார்.

“இது மவுத்தாயிடுச்சு. எடுத்துட்டுப் போயி பழைய இரும்புக்குப் போடுங்க.”

அந்த ஆள் முகம் சுண்டிப்போயிற்று. அவர் போனபிறகு நான் கேட்டேன்.

“ஏங்க, கொஞ்சம் பதமா சொல்லப்படாதா?”

“பதமா சொன்னா காயில் தானா சுத்திக்குமா வாத்தியாரே? உம்மகிட்ட வந்திருந்தா, மோட்டாருக்கு லேசா காச்ச, ரெண்டு நாள்ல ஓடும்னு அனுப்பியிருப்பீரு. அந்தாளு நாத்தை வச்சிக்கிட்டு ரெண்டு நாள் ஒக்காந்திருப்பான்.”

கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அவருக்கு ஒரே பையன். படித்து முடித்துக் கடையில் உட்காருவான் என்று எதிர்பார்த்தார். அவன் சென்னையில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்துகொண்டான். அதிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. பெருநாளுக்கு வந்தால் தாயாரோடு இருந்துவிட்டுப் போவான். தகப்பன் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வார். ஒன்றரை வருஷம் இப்படிப் போயிற்று. “இந்தப் பெருநாளுக்கு நானே வாய தொறக்கலாம்னு பாக்குறேன்” என்று என்னிடம் ஒரு தடவை சொன்னார். பெருநாளுக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

சித்திரை வெயில். ஆற்றில் மணல் மட்டும்தான். காலைத் தொழுகை முடித்து வந்து டீ குடித்துக்கொண்டிருந்தவர் மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். மாயவரம் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே உயிர் பிரிந்துவிட்டது. எட்டரை மணிக்கு உடலை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அவருடைய தம்பிதான் எல்லாவற்றையும் பார்த்தார். நிதானமான மனிதர், கணக்காகப் பேசுகிறவர். வாசலில் என்னைப் பார்த்ததும் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

“சார், அஸர் தொழுகை முடிஞ்சு அஞ்சு மணிக்கு அடக்கம்னு ஜமாஅத்துல பேசியாச்சு. மெட்ராஸ்லேந்து வர ஆறு மணி நேரம், ஆறரை மணி நேரம் ஆவும். இப்ப கார் எடுத்தான்னா மூணரைக்கெல்லாம் வந்துருவான். அண்ணன் மொகத்தைப் பாத்துடலாம். நீங்க சொல்லிடுங்க. நான் பேசுனா எனக்கு அழுகை வந்துரும், அவனும் ஒடஞ்சிருவான்.”

“நான் பாத்துக்கறேன். நீங்க ஆக வேண்டியதைப் பாருங்க.”

பிறகு வீட்டில் இருந்தவர்களிடம் அவர் உரக்கச் சொன்னது எனக்குக் கேட்டது. “யாரும் பையனுக்குப் போன் பண்ணாதீங்க. சார் பேசிக்கிறாரு. வழியில வர்றவனை ஆளாளுக்குக் கூப்புட்டு அழ வைக்காதீங்க.” இன்றைக்குப்போல வாட்ஸ்அப் எல்லார் கையிலும் வந்திராத காலம் அது. அவர் சொன்னதை எல்லாரும் கேட்டார்கள்.

தெருமுனைக்குப் போய் நின்றுகொண்டு பேசினேன். பின்னால் கடப்பாறையும் மண்வெட்டியுமாக இரண்டு பேர் அடக்க இடத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். ஐந்து மணி என்பது எனக்குத் தெரியும். அந்த வீட்டில் ஐஸ் பெட்டி வராது என்பதும் தெரியும். நாற்பது வருஷத்தில் அவர்கள் வீட்டு மரணங்களில் எத்தனைக்குக் கூட நடந்திருக்கிறேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு இடமே இல்லை.

“சார்! என்ன சார் காலையிலேயே?” அவன் குரல் உற்சாகமாக இருந்தது. பின்னால் கான்கிரீட் கலக்கும் இயந்திரத்தின் சத்தம்.

“ஒண்ணுமில்லப்பா. அத்தாவுக்கு லேசா நெஞ்சுவலி. மாயவரத்துல காட்டினோம். நீ ஒரு எட்டு வந்துட்டுப் போனா நல்லது.”

“என்ன சார் சொல்றீங்க? அட்மிட் பண்ணிருக்கீங்களா? பயப்படற மாதிரி இருக்கா?”

இதுதான் அந்த இடம். பயப்படுகிற கட்டம் எல்லாம் தாண்டிவிட்டது என்று சொல்லியிருக்க வேண்டும். என் வாய் முப்பது வருஷமாகப் போன வழியிலேயே போயிற்று.

“அதெல்லாம் இல்ல. பதட்டப்படாம வா.”

“இன்னிக்கு ரூஃப் போடுறோம் சார். பாதியில விட்டுட்டு வர முடியாது. மேஸ்திரிகிட்ட சொல்லி ஒப்படைச்சிட்டு வந்துர்றேன். அத்தா என்கிட்ட பேசுவாங்களா சார்?”

“வா, பேசலாம்” என்றேன்.

அவன் புறப்பட்டபோது பன்னிரண்டாகப் பத்து நிமிஷம். நான் ஒன்பதேகாலுக்குப் பேசினேன். இடையில் போன இரண்டரை மணி நேரத்துக்கும் நான்தான் பொறுப்பு.

இரண்டு மணிக்கு அவனே கூப்பிட்டான். திண்டிவனம் நெருங்கிக்கொண்டிருப்பதாகச் சொன்னான். அத்தா எப்படி இருக்கிறார் என்று கேட்டான். அப்போது உள்ளே குளிப்பாட்டி வெள்ளைத் துணி சுற்றியிருந்தார்கள். “அப்படியேதான் இருக்காங்க” என்றேன். வண்டியில் வருகிறவனிடம் இனிமேல் எப்படிச் சொல்வது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மணியைப் பார்த்தேன். வேகமாக வரச்சொல்லலாமா என்று நினைத்தேன். வேகமாக வரச்சொன்னால் ஏன் என்று கேட்பான்.

நாலரை மணிக்குத் தம்பி என்னிடம் வந்தார்.

“எங்க வரான் சார்?”

“சிதம்பரத்துக்கு வந்துட்டானாம். இப்பதான் பேசினான்.”

“சிதம்பரமா? இன்னும் ஒண்ணரை மணி நேரம் ஆவுமே. ஒம்போது மணிக்கு சொல்லியாச்சு. நாலரைக்கு சிதம்பரத்துல இருக்கான்னா எப்பக் கெளம்புனான் சார் அவன்?”

பக்கத்தில் நின்ற ஒருவர் சொன்னார். “வேலையை முடிச்சிட்டுத்தான் கெளம்பியிருப்பான். மெட்ராஸ்ல இருக்கற புள்ளைங்களுக்கு அதானே பெருசு.”

“அத்தாகிட்டதான் கோவம். மவுத்துக்குக்கூடவா?” என்றார் இன்னொருவர்.

தம்பி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவனுக்குத் தகப்பன் இறந்தது தெரியாது, தப்பு என்னுடையது, அந்தி மஃரிப் தொழுகை வரைக்கும் பொறுங்கள் என்று நான் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் நிச்சயம் பொறுத்திருப்பார்கள். ஒரு மணி நேரம் தள்ளிவைப்பது அவர்களுக்குப் பெரிய விஷயம் இல்லை. ஆனால் எல்லார் எதிரிலும், பக்குவமாகச் சொல்லுகிற சார் சொதப்பிவிட்டார் என்று ஆகியிருக்கும். நான் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டேன்.

“அண்ணனுக்குக் குடுப்பினை இல்ல” என்று சொல்லிவிட்டுத் தம்பி உள்ளே போனார். ஐந்து மணிக்கு எடுத்தார்கள்.

நானும் கூடப் போனேன். குழியில் இறக்கியபிறகு ஒவ்வொருவராக மூன்று பிடி மண் அள்ளிப் போட்டார்கள். எங்கள் ஊரில் எங்களைப் போன்றவர்களும் போடுவது உண்டு. நான் குனிந்து அள்ளியபோது, முதலில் போட்டிருக்க வேண்டியவன் சீர்காழியைத் தாண்டியிருப்பான் என்று தோன்றியது. போட்டேன். மூன்று பிடியும் போட்டேன்.

திரும்பி வரும்போது, நாங்கள் பள்ளிவாசல் தெருவுக்குள் திரும்புகிற நேரம், கார் வந்து நின்றது. அவன் இறங்கினான். சட்டையில் சிமெண்ட் கறை. எங்களுக்கு முன்னால் நாலு பேர் வெறும் சந்தூக்கைத் தூக்கிக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். இறந்தவரைச் சுமந்து போகிற அந்தப் பெட்டி திரும்பி வரும்போது எடை இல்லாமல் ஆடிக்கொண்டே வரும். அவன் அதைப் பார்த்தான். பிறகு எங்கள் தலைகளில் இருந்த தொப்பிகளையும் கைக்குட்டைகளையும் பார்த்தான். யாரும் அவனுக்கு எதையும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

“இப்பதான் வழி தெரிஞ்சிச்சா ஒனக்கு?” என்றார் தம்பி, அவனுடைய சின்னத்தா.

“சின்னத்தா... நெஞ்சுவலின்னுதானே... சார் லேசா வலின்னுதானே சொன்னாங்க...”

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள்.

“சார், நீங்க என்ன சொன்னீங்க?” என்று தம்பி கேட்டார்.

“வரச்சொன்னேன்” என்றேன். “காலையிலயே சொல்லிட்டேன். வந்துடுன்னு சொன்னேனே.”

ஒவ்வொரு சொல்லும் உண்மை. வரச்சொன்னது உண்மை. காலையில் சொன்னது உண்மை. அவன் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. கரும்பலகையில் ஒரு சொல் தப்பாக எழுதியிருக்கிறதே, இது ஆசிரியருக்குத் தெரியவில்லையா என்று பார்க்கிற மாதிரி இருந்தது. பிறகு தலையைக் குனிந்துகொண்டான். என்னை எதிர்த்து அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் அவனுடைய வாத்தியார்.

“காரணம் தேடாதே” என்று சொல்லிவிட்டுச் சின்னத்தா நடந்தார்.

தாயார், கணவன் இறந்தபின் இருக்கவேண்டிய இத்தா இருந்தார். நாலு மாதம் பத்து நாள் வெளி ஆண்கள் யாரும் போய்ப் பார்க்க முடியாது. அது முடிந்ததும் நேரில் போய்ச் சொல்லிவிடலாம் என்று வைத்துக்கொண்டேன். உள்ளுக்குள் அந்த நாலு மாதம் எனக்கு வசதியாக இருந்தது. முடிந்தபோது, இப்போது போய்க் கிளறுவானேன், ஆறட்டும் என்று தோன்றியது. அவன் சவூதிக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வந்தான். வீட்டில் சின்னத்தா அவனோடு சாப்பிட உட்காருவதில்லை என்று சொன்னார்கள். பெருநாளன்று எல்லாரும் அடக்க இடத்துக்குள் போய் ஓதும்போது, அவன் கேட்டுக்கு வெளியே நின்று ஓதிவிட்டுத் திரும்புவானாம். தகப்பன் இருக்கிற இடம் எது என்று அவனுக்குத் தெரியாது. வந்து பார்க்காதவன் எந்த வாயால் கேட்பான்? நான் கடைக்குப் போவதை நிறுத்திவிட்டேன். முழங்கால் வலி என்று சொல்லிக்கொண்டேன்.

என் மனைவி போன வருஷத்துக்கு முந்தின வருஷம் இறந்தாள். பெங்களூரில் இருக்கிற என் மகனுக்கு யாரோ என் வழக்கப்படியே சொன்னார்கள். அவன் மறுநாள் காலையில்தான் வந்தான். அவள் ஐஸ் பெட்டியில் இருந்தாள். அவன் மூடியைத் திறக்கச் சொல்லி, நெற்றியைத் தடவி, கன்னத்தைத் தடவி, ஒரு மணி நேரம் ஏதேதோ பேசினான். சின்ன வயதில் திட்டு வாங்கினதைச் சொல்லிச் சிரித்தான், அழுதான். நான் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னொருவன் பிள்ளையிடமிருந்து நான் பிடுங்கிக்கொண்டது இவ்வளவும் என்று அன்றைக்குத்தான் முழுசாகத் தெரிந்தது.

காரியங்கள் முடிந்த அடுத்த வாரம் நண்பரின் மகனுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன். நிலைமையைச் சற்று அண்டர்ஸ்டேட் செய்துவிட்டேன் என்று எழுதினேன். அடித்தேன். அதிர்ச்சியை சாஃப்டன் பண்ண நினைத்தேன் என்று எழுதினேன். அதையும் அடித்தேன். டோன் டவுன், டெம்பர், பிளே டவுன். நான் கரும்பலகையில் எழுதிப்போட்டதும் போடாததுமாக அத்தனை சொல்லும் வரிசையில் வந்து நின்றன. ஒவ்வொன்றும் என்னைத்தான் தாங்கிப்பிடித்தது. அவனுக்கு அதில் ஒன்றும் இல்லை. தாளைக் கிழித்துவிட்டுத் தமிழில் எழுதினேன். உன் அத்தா காலையிலேயே இறந்துவிட்டார். அது எனக்குத் தெரியும். ஐந்து மணிக்கு அடக்கம் என்பதும் தெரியும். உன்னிடம் மறைத்தேன். மாலையில் எல்லார் முன்னாலும் பொய் சொன்னேன். இவ்வளவுதான். ஐந்து வாக்கியம். பதில் வரவில்லை.

ஒன்றரை மாதம் பார்த்துவிட்டுக் கடைக்குப் போனேன். இப்போது தம்பிதான் கடையைப் பார்க்கிறார். இரண்டு வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். அவர்கள் போகட்டும் என்று காத்திருக்க நினைத்து, பிறகு காத்திருக்கவில்லை. நின்றுகொண்டே சொன்னேன். அவர் கையில் ஒரு வால்வை வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைப்பது நின்றது.

“நீங்க சொல்லவே இல்லையா சார் அவன்கிட்ட?”

“சொல்லல.”

“நாலரைக்கு நான் வந்து கேட்டேனே. எங்க வரான்னு கேட்டேனே.”

“கேட்டீங்க.”

“ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வச்சிருப்பேனே சார். மஃரிப் தொழுதுட்டு எடுத்திருக்கலாமே.” வால்வை மேசைமேல் வைத்தார். “எங்கண்ணன் பெத்த புள்ளையை பத்து வருஷமா நான் வேத்தாளா நடத்துனேன். அவன் கட்டுன கல்யாணத்துக்கு நான் போவல. தெரியுமா ஒங்களுக்கு?”

“தெரியும்.”

“தெரிஞ்சும் ஒக்காந்திருந்தீங்க.”

“ஆமா.”

வாடிக்கையாளர் ஒருவர், “விடுங்க பாய், வயசான மனுசன்” என்றார்.

“நீங்க சும்மா இருங்க. சார், நீங்க போயிடுங்க. நான் ஏதாவது சொல்லிடுவேன்.”

அன்று மாலையே அவர் அண்ணியிடம் போய்ச் சொல்லிவிட்டார். மறுநாள் நானும் போனேன். அந்த அம்மா கதவுக்குப் பின்னால் நின்றுதான் எப்போதும் என்னோடு பேசுவார். அன்றும் அப்படித்தான். நான் எல்லாவற்றையும் சொன்னேன்.

“போன தடவை வந்தப்பகூட சொல்லிக்காட்டினேன் சார்” என்றது குரல். “அத்தாவுக்குத்தான் வரல, எனக்காவது நேரத்துக்கு வருவியான்னு கேட்டேன். சோத்துல கைய வச்சிருந்தான். எந்திரிச்சிப் போயிட்டான்.”

மன்னித்துவிடுங்கள் என்றேன். “அதை நான் எப்படி சார் குடுக்கறது?” என்றார். கதவு சாத்திக்கொண்டது. கோபமாகச் சாத்தவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

தம்பி சவூதிக்குப் போன் போட்டு அழுததாகவும், அவன் “விடுங்க சின்னத்தா” என்று மட்டும் சொன்னதாகவும் பிறகு கேள்விப்பட்டேன். அதற்கு மூன்று மாதம் கழித்து அவருக்குப் பக்கவாதம் வந்தது. இப்போது படுக்கையில் இருக்கிறார். கண் பார்க்கிறது. பேச்சு வரவில்லை.

இந்த வருஷம் தை அறுவடை நடந்துகொண்டிருந்தபோது அவன் ஊருக்கு வந்தான். ஒரு சாயங்காலம் என் வீட்டு வாசலில் வந்து நின்றான். தலையில் பாதி நரைத்திருந்தது. உள்ளே வரச்சொன்னேன். வரவில்லை.

“லெட்டர் கெடைச்சிது சார்.”

நான் வாசற்படியில் இறங்கினேன்.

“அதைப் பத்திப் பேச வரல. ஒரு உதவி. அத்தா எங்க இருக்காங்கன்னு காட்ட முடியுமா? சின்னத்தாவால முடியல. குழி வெட்டுனவங்களும் இல்ல. ஜமாஅத்துல கேட்டா, அந்த ஓரமாத்தான்னு கையை நீட்டுறாங்க. அன்னிக்கு நீங்க உள்ள போனீங்கன்னு சொன்னாங்க.”

“வா” என்றேன். செருப்பை மாட்டிக்கொண்டேன். பத்து வருஷத்துக்குமேல் கழித்து, அவனுக்குக் கொடுக்க என்னிடம் ஒன்று இருக்கிறது என்று நினைத்தேன்.

அடக்க இடத்தில் பெயர்க்கல் வைக்கிற வழக்கம் எங்கள் ஊரில் இல்லை. மண்மேடுகள் இரண்டு மூன்று மழையில் அமர்ந்து தரையோடு தரையாகிவிடும். மதில் ஓரமாக ஒரு பூவரச மரம், அதற்கு நேர் எதிரே ஏழெட்டு அடியில் என்று என் நினைவில் இருந்தது. போய்ப் பார்த்தால் மரம் இல்லை. புயலில் விழுந்துவிட்டதாகக் காவல்காரர் சொன்னார். மதிலையும் இடித்துத் தள்ளிக் கட்டியிருந்தார்கள். புல் முழங்கால் உயரம் இருந்தது. நான் கைத்தடியால் புல்லை விலக்கி விலக்கி நடந்தேன். ஓரிடத்தில் தரை சற்றுத் தாழ்ந்திருந்தது, அங்கே நின்றேன். அன்று வெயில் என் வலது கன்னத்தில் அடித்தது ஞாபகம் வந்தது. திரும்பி நின்று பார்த்தேன். இன்னும் பத்தடி தள்ளியும் அதே மாதிரி இன்னொரு தாழ்வு. அங்கேயும் வெயில் அதே கன்னத்தில் அடித்தது.

அவன் சற்றுத் தள்ளிக் கைக்குட்டையைத் தலையில் கட்டிக்கொண்டு காத்திருந்தான். ஒன்றைக் காட்டிவிடு என்று மனசு சொன்னது. எதைக் காட்டினாலும் நம்புவான். அவன் நெஞ்சு ஆறும். யாருக்கும் நஷ்டம் இல்லை. காலடியில் இருந்ததைக் காட்டக் கையைக்கூடத் தூக்கிவிட்டேன்.

“தெரியலப்பா” என்றேன். “இதுவா இருக்கலாம். அதுவா இருக்கலாம். எனக்கு நிச்சயமா தெரியல.”

அவன் இரண்டையும் பார்த்தான். இரண்டுக்கும் நடுவில் போய் நின்று கையேந்தினான். உதடு அசைந்தது. நான் மதில் ஓரம் போய் நின்றுகொண்டேன். முடித்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தான். கேட்டைத் தாண்டும்போது என்னைத் திரும்பிப் பார்க்காமல் சொன்னான்.

“சும்மாவாச்சும் ஒண்ணைக் காட்டியிருக்கலாம் சார்.”

அது குத்தலா, நிஜமாகவே அப்படி ஆசைப்பட்டானா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை. மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விடட்டுமா என்று கேட்டான். நடந்து போய்க்கொள்கிறேன் என்றேன். வற்புறுத்தவில்லை. நாலு நாள் இருந்துவிட்டுச் சவூதிக்குத் திரும்பினான். போகிறபோது தாயாரையும் தன்னோடு அழைத்துக்கொண்டு போய்விட்டான். வீடு பூட்டிக்கிடக்கிறது.